ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் உங்கள் வீட்டில் மறக்க முடியாத ஒரு நாள்?

இட்லிக்கடை மகள்:
அம்மாவுக்கு இடது கை, கால் விழுந்து மூன்றாவது வாரம். ஆஸ்பத்திரிக் கதையை விடுங்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதான். தட்டில் நாலு இட்லி வைத்தால் வலப்பக்கம் இருக்கிற இரண்டைத் தின்றுவிட்டு "அவ்ளோதானா?" என்பார். எதிரே இருக்கிறதே, கண் தெரியலையா என்று தினமும் கத்துவேன். ஒருநாள் வீட்டுக்கு வரும் பிசியோ பெண் ஒன்றும் பேசாமல் தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தாள். அம்மா என்னைப் பார்த்து, "இப்பதான் வைக்கிறியா?" வலது மூளையில் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் ஏறாதாம், பார்வையில் கோளாறு இல்லாவிட்டாலும். நான் கத்தியதெல்லாம் எதற்கு?

பழைய டிரைவர்:
அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது சித்தப்பா விழுந்த கையையே பிடித்து இழுத்தார். துவண்ட கை, தாங்கத் தசை இல்லை, தோளில் ஒரு விரல் நுழைகிற அளவு பள்ளம் விழுந்துவிட்டது. இப்போது நடக்கிறார், ஆனால் அந்தத் தோள்வலியில் ராத்திரித் தூக்கம் கிடையாது. இழுத்தது சித்தப்பா. "இன்னும் கொஞ்சம் பலமா" என்றது நான்.

சேலத்து மாமா:
எனக்கே வந்தது, வலப்பக்கம், இப்போது பரவாயில்லை. தங்கச்சி, தட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தால் அம்மா இடப்பக்கம் திரும்பவே மாட்டார். தட்டின் இடது ஓரம் சிவப்பு டேப் ஒட்டி, அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், இடப்பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் பிசியோவுக்கு ரொம்ப நாள் காசு அழ வேண்டாம், ஆறு மாதத்தில் வராதது வராது. புறா ரத்தம் தேய்த்து ஒரு மண்டலம் பத்தியம் இருங்கள், எங்கள் ஊரில் அதில் எழுந்தவர்கள் உண்டு.

மருமகள்:
மாமா, டேப் சரி. புறா ரத்தம் வேண்டாம். அதைத் தேய்த்துத்தான் என் மாமனாருக்கு முதல் நாள் போனது. ரத்தக்கட்டி அடைப்பு என்றால் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், நாங்கள் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலை. ஆறு மாதக் கணக்கும் தப்பு, முதல் சில மாதம் வேகமாகத் தேறும், அதற்குப் பிறகு மெதுவாக, அவ்வளவுதான். பதினோராவது மாதம், பொங்கலன்று, புதுச்சட்டைப் பொத்தானை அவரே போட உட்கார்ந்தார். குக்கர் இறங்கி, படையல் போட்டு, எல்லோரும் காத்திருக்கிறோம், இரண்டாவது பொத்தானிலேயே நிற்கிறார். அத்தை பொறுக்காமல் உதவப் போனார். விழுந்திருந்த அதே கையால் தட்டிவிட்டார்.