புதுப்பிப்பு: நிக்கான் இசட் பக்கம் மாறிவிட்டேன்

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை விட்டு, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸுக்கு மாறினால் என் லென்ஸ்கள் உதவுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செகண்ட் ஹேண்டில் நிக்கானின் மிரர்லெஸ் கேமரா இசட்50 வாங்கிவிட்டேன்.

பழைய லென்ஸை இசட் கேமராவில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால், தனக்கென மோட்டார் இல்லாத என் 50 எம்எம் 1.8டி லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கையால் திருப்ப வேண்டும். கோத்தகிரி தேயிலைச் சரிவுக்கு அது போதும், சரிவு எங்கும் ஓடாது. ஆனால் நீலகிரி சிரிப்பான் பறவை ஒரு புதரில் நிற்கிற ஆளா? அதற்காக 50-250 எம்எம் ஜூம் லென்ஸ் எடுத்தேன். எடை 405 கிராம்தான். 250-இல் கிடைக்கும் பார்வைக்கோணம் முழுச்சட்டக் (பெரிய சென்சார்) கேமராவில் 375 எம்எம் அளவு. குன்னூர் மூடுபனியில் மட்டும் 6.3 அபெர்ச்சர் (ஒளி நுழையும் சிறிய திறப்பு) திணறுகிறது, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், பழைய ஜூமில் பூஞ்சை. விற்கவில்லை. புதியதை சிலிக்கா ஜெல்லோடு முறுக்கு டப்பாவில் பூட்டிவைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் மன்னிக்கவில்லை.