சிறிய எக்ஸ்கவேட்டரால் மட்டப்படுத்தும்போது தரை அலை அலையாக வருவது ஏன்?

கேள்வி:

வணக்கம். வீட்டின் பின்புறம் 20 மீட்டருக்கு 12 மீட்டர் அளவுள்ள இடத்தைச் சமப்படுத்துவதற்காக 1.7 டன் எடையுள்ள சிறிய எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு நாளாக நானே ஓட்டி வருகிறேன். குழி தோண்டுவது விரைவிலேயே கைக்கு வந்துவிட்டது. மண்ணை நிரவுவது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. முன்னால் உள்ள பிளேடை இறக்கி மண்ணைத் தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால், தரை நெளித்தகரம் போல மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அதன்மேல் மறுபடியும் ஓட்டினால் அலை இன்னும் பெரிதாகிறது. வண்டியில் குறையா, ஓட்டும் முறையில் குறையா?

முதல் பதில்:

பிளேடின் பின்கள் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முறையில்தான் குறை. இந்த வண்டியில் பிளேடு, சக்கரத்துக்குப் பதிலாக வண்டி ஓடும் சங்கிலிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சங்கிலி சின்ன மேட்டில் ஏறியதும் பிளேடு அதைவிட அதிகமாகத் தூக்கிக்கொள்ளும். வண்டியின் மூக்கு கவிழ்ந்ததும் பிளேடு மண்ணுக்குள் குத்தும். நீங்கள் லீவரைத் தொடுவதற்குள் வண்டி அந்த இடத்தைக் கடந்துவிடுகிறது, அதனால் திருத்தமே அடுத்த அலையாகிவிடுகிறது. சாலை போடும் கிரேடரில் பிளேடு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் இருப்பது இதைத் தவிர்க்கத்தான்.

ஆகவே பிளேடை மண் தள்ள மட்டும் வைத்துக்கொண்டு, மட்டத்தைப் பக்கெட்டால் கொண்டுவாருங்கள். முதலில் ஒரு மூலையில், சங்கிலியின் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு பரப்பை மட்டும் நேரம் எடுத்துச் சரியாக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். அங்கிருந்து வண்டியின் கை எட்டுமளவு முன்னால் உள்ளதைச் சமன்செய்து, பிறகு அதன்மேல் நகருங்கள். வண்டி சாய்ந்து நின்றால் எவ்வளவு தேர்ந்த ஆபரேட்டர் ஓட்டினாலும் வெட்டு சாய்ந்துதான் வரும். கடைசிச் சுற்றில் மட்டும் திசையை மாற்றி, பின்வாங்கிக்கொண்டே இழுத்து வந்தால் சங்கிலித் தடமும் மறைந்துவிடும்.

பக்கெட்டை இழுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: நீட்டிய ஆர்மை (பக்கெட் மாட்டியிருக்கும் வெளிக்கை) உள்ளே இழுக்கத் தொடங்கியதும் பக்கெட்டின் முனை தானாகக் கீழே இறங்கும், எனவே பூமை (வண்டியோடு இணைந்த முதல் கை) மெல்ல உயர்த்த வேண்டும், ஆர்ம் செங்குத்தைக் கடந்ததும் முனை மேலேறும் என்பதால் பூமைத் தாழ்த்த வேண்டும். கூடவே பக்கெட்டைச் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே வந்தால்தான் அதன் கோணம் மாறாமல் இருக்கும். மூன்றையும் சேர்த்துச் செய்யக் கை பழகும்வரை இஞ்சின் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். பல் வைத்த பக்கெட் கோடு கோடாகக் கீறும், பல்லில்லாத அகலப் பக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன், பிளேடைப் பற்றி மட்டும் சற்று மாறுபடுகிறேன். மிதக்கும் நிலை (பிளேடு தரையின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் தானே ஏறி இறங்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிளேடைத் தன் எடையிலேயே தரையில் படியவிட்டுப் பின்னோக்கி இழுத்தால், உதிரி மண்ணைப் பரப்ப அதைவிட எளிய வழி இல்லை. கெட்டித் தரைக்கு அது உதவாது.

இதைவிட முக்கியமானது, உங்களுக்கு வேண்டியது முழு மட்டம் அல்ல என்பது. வீட்டை ஒட்டிய இடத்தில் மழைநீர் சுவரை விட்டு விலகி ஓட, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டமாவது வேண்டும். 12 மீட்டருக்கு அது 24 சென்டிமீட்டர் ஆகிறது. கண்ணால் பார்த்து இதைக் கணிக்கவே முடியாது. 3 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, நீர் நிரப்பிய டியூப் லெவலால் உயரத்தைக் குறித்து, நூல் கட்டிவிட்டு வண்டியைத் தொடுங்கள். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்யாகும்.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மூலையில் ஒரு பரப்பைச் சரியாக்கிவிட்டு அங்கிருந்து தொடங்கினேன். மாலைக்குள் பாதி இடம் நூலுக்கு ஒட்டி வந்துவிட்டது. மறுகோடியில் 40 சென்டிமீட்டர் பள்ளத்தை வெட்டிய மண்ணால் நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டு வண்டியையே நாலைந்து முறை மேலே ஓட்டினால் மண் இறுகிவிடும் அல்லவா?

முதல் பதில் தந்தவர்:

இறுகாது. சேற்றிலும் புதையாமல் போவதற்காகத்தான் எடையைப் பரப்பிவிடும் சங்கிலி இந்த வண்டிக்கு வைக்கப்பட்டிருக்கிறது, எனவே தரையின்மேல் விழும் அழுத்தம் மிகக் குறைவு. 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக மண்ணைப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்குங்கள். மண்ணைக் கைப்பிடியில் அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது; அந்த ஈரத்தில்தான் நன்றாக இறுகும். வேர், புல் கலந்த மேல்மண்ணை இதில் போட்டுவிடாதீர்கள், மக்கியதும் அந்த இடம் உள்வாங்கும். அதைத் தனியே குவித்து வைத்து, எல்லாம் முடிந்தபின் மேலே பரப்பிக்கொள்ளுங்கள்.