டிரைவர் நின்றுபோனது என்கிறது விண்டோஸ், கோளாறு டிரைவரில்தானா?

அச்சுக்கூடம்:
எல்லோருக்கும் வணக்கம். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் வடிவமைக்கும் சின்னக் கடை என்னுடையது. கணினி பழசு: ஐ5-2400, எச்61 போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. ஒரு மாதமாக, நாளுக்கு நாலைந்து முறை திரை கறுத்துப்போய் இரண்டு மூன்று நொடியில் திரும்பி வருகிறது. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பார்த்தால் 4101 என்ற எண்ணில், 'டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்றுபோய் மீண்டது' என்று, அதாவது கார்டை இயக்கும் மென்பொருள் நின்றதாக, பதிவாகியிருக்கிறது. இரண்டு தடவை நீலத்திரையே வந்து, சேமிக்காத பத்திரிகை வேலை போய்விட்டது. முகூர்த்த மாதம், புரிந்துகொள்வீர்கள்.

இன்னொன்று. வீடியோ ரெண்டரிங் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. பிரவுசரில் வீடியோவைத் தொடங்கும் நொடியிலோ, பெரிய கோப்பைத் திறந்து ஜூம் செய்யும்போதோதான் போகிறது. கார்டின் வெப்பம் 62 டிகிரியைத் தாண்டவில்லை. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த பிறகுதான் தொடங்கியது என்று நினைவு.

செங்கல்பட்டான்:
உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. அப்டேட் வந்தது, தொல்லை தொடங்கியது. விண்டோஸ் அப்டேட் நம்மைக் கேட்காமலே கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிவிடும். பழைய டிரைவரின் மிச்சமும் புதியதும் கலந்து கிடந்தால் இப்படித்தான் ஆகும். இணையக் கேபிளைப் பிடுங்குங்கள், சேஃப் மோடில் போய் டிடியு மென்பொருளால் டிரைவரைச் சுத்தமாகத் துடையுங்கள், இரண்டு மூன்று வருடப் பழைய பதிப்பு ஒன்றைப் போடுங்கள். கேபிளைப் பிடுங்காமல் செய்தால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் மறுபடி ஒன்றை இறக்கி வைத்துவிடும். காசு செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்யுங்கள்.

மல்டிமீட்டர்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். அந்த 4101 பதிவு என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்து இரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால், கார்டையும் டிரைவரையும் அது மீட்டமைத்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப அப்படி நடந்தாலோ, மீட்டமைப்பதே முடியாமல் போனாலோ நீலத்திரை. ஆக, 'பதில் வரவில்லை' என்பதுதான் அதற்குத் தெரியும். டிரைவர் குழம்பியதா, கார்டுக்குக் கரண்ட் போதவில்லையா என்பது அதற்குத் தெரியாது. பெயர் மட்டும் டிரைவர் மேல் விழுகிறது.

முப்பது வருடமாகப் பழுது பார்க்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வருடப் பெட்டி என்றால் நான் முதலில் பார்ப்பது மின்சாரம். எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி, என்ன போட்டிருக்கிறீர்கள்?

செங்கல்பட்டான்:
சார், 750 டிஐ வெறும் 60 வாட் கார்டு. 2014-இல் அது வந்தபோது பேசப்பட்டதே அதற்காகத்தான். தனி பவர் கேபிள்கூட வேண்டாம், போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடும். அதற்குமா எஸ்எம்பிஎஸ் போதாது? கரண்ட் குறைபாடு என்றால் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ரெண்டரிங் ஓடுமா? அதில் அசையாமல் நிற்கிறது, ஒரு வீடியோவைத் திறந்தால் விழுகிறது. இது மென்பொருள் கோளாறு இல்லாமல் வேறென்ன?

டிரைவரை நம்பியே தீர வேண்டும் என்றும் இல்லை. 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 பதிப்பு விசிறி வேகத்தைச் சரியாகக் கையாளாமல் கார்டுகள் சூடேறின, அவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். டிரைவரும் தப்பு செய்யும்.

மல்டிமீட்டர்:
196.75 விஷயம் உண்மை, மறுக்கவில்லை. டிரைவர் தப்பே செய்யாது என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் ரெண்டரிங் ஓடுகிறது, வீடியோ திறந்தால் விழுகிறது என்பது என் பக்கம்தான் சேரும். சும்மா இருக்கும் கார்டு சில வாட்தான் இழுக்கும். வீடியோவைத் திறந்த கணத்தில் கடிகார வேகமும் மின்னழுத்தமும் ஒரே தாவாகத் தாவும். அந்த ஒரு கணத்துக்குத் தேவையான மின்சாரத்தை ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கிவைத்திருக்கும் சின்ன உருளையான கெப்பாசிட்டர்தான் தாங்கிக் கொடுக்கிறது. அதன் உள்ளிருக்கும் திரவம் காய்ந்துபோயிருந்தால் அந்தத் தாவலில் மின்னழுத்தம் சட்டென்று சரியும். ரெண்டரிங்கில் தாவல் ஆரம்பத்தில் ஒரு முறைதான். அப்புறம் சுமை சீராகப் போகும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறவர் சமதரையில் ஒரு மைல் நடந்துவிடுவார் இல்லையா, அந்த மாதிரி.

தேனிக்காரன்:
கார்டைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். எனக்கு இரண்டு முறை சரியாகியிருக்கிறது. அதுவும் போதாவிட்டால், விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த இரண்டு நொடிக் கெடுவைப் பத்து நொடியாக மாற்ற வழி இருக்கிறதே?

மல்டிமீட்டர்:
ரப்பர் சரி, தூளை நன்றாக ஊதிவிட்டு மாட்டுங்கள். கெடுவைக் கூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நீண்ட கணக்கீடுகள் ஓட்டுகிறவர்களுக்கு அது பயன்படும். இங்கே கார்டு தொங்கிப்போகிறது. இரண்டு நொடி கறுத்த திரை பத்து நொடி உறையும், அவ்வளவுதான் மாறும்.

செங்கல்பட்டான்:
இதில் நானும் சாரோடுதான்.

அச்சுக்கூடம்:
இரண்டு நாளாகச் செய்தவை. ரப்பர் போட்டேன், மாற்றமில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் பவர் அமைப்பை 'அதிகபட்ச செயல்திறன்' என்று வைத்தேன், நாள் முழுக்க ஒரு முறைகூடப் போகவில்லை! பழைய அமைப்புக்கே மாற்றினேன், அன்று சாயங்காலமே மூன்று முறை. அப்புறம் நேற்று ராத்திரி லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து விடிய விடிய வீடியோ ஓடவிட்டேன். ஒரு தடவையும் கறுக்கவில்லை.

செங்கல்பட்டான்:
முடிந்தது கதை. அதே கார்டு, அதே போர்டு, அதே எஸ்எம்பிஎஸ். மாறியது டிரைவர் மட்டும்தான், தொல்லையும் போய்விட்டது. வேகத்தை ஏற்றி இறக்குவதும் டிரைவரின் வேலைதானே? அதிகபட்சத்தில் நிறுத்தியதும் சரியானது என்றால் அந்த ஏற்ற இறக்கத்தை டிரைவர் சொதப்புகிறது.

மல்டிமீட்டர்:
பவர் அமைப்புச் சோதனை இரண்டு பக்கமும் பேசும். தாவலை நிறுத்தினோம், கறுப்பது நின்றது. தாவலை டிரைவர் சொதப்பினாலும் அப்படித்தான், மின்சாரம் தாங்காவிட்டாலும் அப்படித்தான்.

லினக்ஸ் சோதனையை என்னால் ஏற்க முடியாது. பென்டிரைவ் லினக்ஸில் வழக்கமாக வருவது நூவோ டிரைவர். இந்தக் கார்டை அது பூட் ஆன வேகத்திலேயே வைத்திருக்கும், தானாக ஏற்றாது. தாவலே நடக்காத ராத்திரியில் எதைச் சோதித்தோம்?

தம்பி, இந்தக் கார்டை வேறு ஒரு கணினியில் மாட்டி, இதே டிரைவர் பதிப்பைப் போட்டு, இதே வேலையைச் செய்யுங்கள். அப்புறம் கேபினெட்டைத் திறந்து, கார்டு இருந்த இடத்தைச் சுற்றி டார்ச் அடித்து ஒரு படம் எடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

அச்சுக்கூடம்:
மச்சான் வீட்டுக் கணினியில் கார்டை மாட்டினேன். அதே பதிப்பு, அதே கோப்புகள். மூன்று நாள், ஒரு 4101-கூட இல்லை. இங்கே அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டியும் பார்த்தேன். நாளுக்கு ஐந்தாக இருந்தது இரண்டாகக் குறைந்தது, நிற்கவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்ததில், ஸ்லாட்டுக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு கெப்பாசிட்டர்கள். பக்கத்திலிருப்பவற்றின் தலை தட்டையாக இருக்கிறது. இவை இரண்டும் தோசை மாவு பொங்கியது போல உப்பி, ஒன்றின் தலைக்கீறலில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. விரலால் தொட்டால் லேசாக ஆடுகிறது. மாதக்கணக்கில் இதன் மேல்தான் கார்டின் சூடு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் தூசி மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன்.

மல்டிமீட்டர்:
அதேதான். இந்த வகைக் கெப்பாசிட்டரில் 105 டிகிரி சூட்டில் 2000 மணி நேர ஆயுள் என்று கணக்கு வைத்திருப்பார்கள். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி. கடையில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 4,000 நாள், பதினோரு வருடம். உங்கள் பெட்டியின் வயதைப் பாருங்கள். 85 டிகிரி ரகம் என்றால் இதில் கால்வாசிதான். அதே மைக்ரோபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி கூட, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். பழகிய கையிடம் கொடுங்கள், அவசரமாகச் சூடாக்கினால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும்.

செங்கல்பட்டான்:
உப்பியது உப்பியதுதான், மாற்ற வேண்டும். ஆனால் மச்சான் வீட்டில் போட்டது சுத்தமான புது நிறுவல். இங்கே இருப்பது பல வருடக் குப்பை மேல் ஏறிய டிரைவர். கெப்பாசிட்டரை மாற்றும்போது டிடியு எதுவும் ஓட்டாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

மல்டிமீட்டர்:
நியாயமான பேச்சு. தம்பி, அப்படியே செய்யுங்கள்.

அச்சுக்கூடம்:
டிரைவரைத் தொடவில்லை. அதே விண்டோஸ், அதே பதிப்பு, பவர் அமைப்பும் பழையபடியே. இரண்டு கெப்பாசிட்டர் மட்டும் மாற்றி இன்றோடு பன்னிரண்டு நாள். ஈவென்ட் வியூவரில் 4101 ஒன்றுகூட இல்லை. நேற்று வேண்டுமென்றே ஐம்பது தடவை வீடியோவைத் திறந்து மூடினேன்.

செங்கல்பட்டான்:
இந்தப் பெட்டியில் நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நாளைக்கு வேறொருவர் இதே கேள்வியோடு வந்தால் முதலில் டிடியுதான் சொல்வேன். அரை மணி வேலை, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

மல்டிமீட்டர்:
பக்கமூடியைக் கழற்றி டார்ச் அடிக்க ஐந்து நிமிடம். நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அச்சுக்கூடம்:
இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, அதே வரிசையில் இன்னும் மூன்று கெப்பாசிட்டர் இருக்கிறது, தலை தட்டையாகத்தான் இருக்கிறது. மாதம் முடிந்ததும் அவற்றையும் மாற்றிவிடலாமா?

மல்டிமீட்டர்:
மாற்றிவிடுங்கள். ஒரே வயது, ஒரே சூடு. உப்பாமலே காய்ந்துபோவதும் உண்டு.