அரசும் அரசாங்கமும் ஒன்றா?

கேள்வி: தங்கச்சிமடம் மாணவி
அனைவருக்கும் வணக்கம். இளங்கலை அரசியல் அறிவியலில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறேன். மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை ஆகிய நான்கும் சேர்ந்ததே அரசு என்றும், அரசாங்கம் அதில் ஓர் உறுப்பு மட்டுமே என்றும் பாடநூல் சொல்கிறது. ஆனால் அப்பா விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கும் மீன்துறை அலுவலகப் பலகையில் ‘தமிழ்நாடு அரசு’ என்றுதான் இருக்கிறது. அப்படியானால் தமிழ்நாடு அரசா, அரசாங்கமா?

மறுமொழி 1: மண்டபம், ஓய்வுபெற்ற ஆசிரியர்
மகளே, குழப்பம் பாடத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. பலகையில் உள்ள ‘அரசு’ என்பது பாடநூல் கூறும் அரசாங்கம். அரசாங்கம் தேர்தலுக்குத் தேர்தல் மாறலாம். அரசு அப்படி மாறுவதில்லை. 1974இல் கச்சத்தீவு இலங்கைக்கு உரியது என ஏற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இந்திரா காந்தியின் அரசாங்கம். 1977இல் அவர் தோற்று ஜனதா ஆட்சி வந்த பிறகும் ஒப்பந்தம் காலாவதியாகவில்லை. ஏனென்றால் அதற்குக் கட்டுப்பட்டது ஒரு கட்சியோ பிரதமரோ அல்ல, இந்தியா என்னும் அரசு.

இறையாண்மைக்கு, அதாவது தனக்கு மேல் யாரும் இல்லாத அதிகாரத்துக்கு, நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1803இல் நிலவரியை நிலையான தொகையாக நிர்ணயித்த நிரந்தரத் தீர்வை வந்தபின் இராமநாதபுரம் ஜமீன் ஆயிற்று. குடிகள் இருந்தார்கள், நிலம் இருந்தது, வரி வசூலிக்கக் கச்சேரி என்னும் அலுவலகமும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். மக்களும் ஜமீன்தாரான சேதுபதியை ராஜா என்றே அழைத்தார்கள். ஆனால் அவர் கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. தவறினால் ஜமீனே ஏலத்துக்கு வரும். தனக்கு மேல் ஒருவர் இருந்து கணக்குக் கேட்கும் இடத்தில் இறையாண்மை இல்லை. நான்கில் மூன்று இருந்தும் அது அரசு ஆகாததற்குக் காரணம் இதுதான்.

மறுமொழி 2: தொண்டி வாசகர்
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழ்நாடு பாடநூல் பொருளில் அரசு அன்று, மாநிலம். அரசியலமைப்பின் 3ஆம் பிரிவுப்படி மாநில எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மாற்றலாம்; ஆகவே இறையாண்மை மாநிலத்திடம் இல்லை. ஆயினும் ஜமீனோடு அதை ஒப்பிடக் கூடாது; மாநிலத்தின் அதிகாரம் யாரோ கொடுத்த சனதிலிருந்து (உரிமைப் பத்திரத்திலிருந்து) வருவதன்று, அரசியலமைப்பிலிருந்தே வருவது. ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரங்களைப் பிரித்துப் பட்டியலிடும் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் இனம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள ஆட்சிக்கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலின் 57ஆம் இனம். உங்கள் அப்பா ஒரே இரவில் இரண்டு பட்டியல்களிலும் வலை இழுக்கக்கூடும்!

மாணவி
நன்றி ஐயா, நன்றி அண்ணா. இன்னொரு ஐயம். அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போகும்போது எங்களிடம் யாரும் விசா கேட்பதில்லை. இலங்கையின் இறையாண்மை அங்கே குறைந்துவிடுகிறதா?

மறுமொழி 3: மண்டபம், ஓய்வுபெற்ற ஆசிரியர்
குறையவில்லை, மகளே. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் அங்கே வந்துபோகலாம் என்பதை 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் இலங்கையே ஒப்புக்கொண்டது. தன் வீட்டுக் கதவை ஒருவருக்குத் திறந்துவிடும் உரிமையும் வீட்டுக்காரருக்கு உரியதுதானே. ஆனால் வந்துபோவது வேறு, மீன் பிடிப்பது வேறு. அந்தப் பிரிவு மீன்பிடி உரிமையையும் தருகிறதா என்பதில்தான் இன்றுவரை வாதம் நடக்கிறது. தேர்வில் எழுதும்போது இவ்விரண்டையும் கலந்துவிடாதே.