மறு: தொட்டியைச் 'சுழற்சி செய்தல்': 'பழக்குதல்' என்று எழுதலாமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கான சொற்பட்டியல் பற்றி மூன்று நாளாக நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டு வருகிறேன். மற்ற சொற்களெல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன. புதுத் தொட்டியை மீன் விடும் நிலைக்குக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் 'சைக்ளிங்' என்கிறார்கள். அதற்குப் பட்டியலில் ஏற்றிய 'சுழற்சி'யை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பதில்தான் நிற்கிறோம். மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சொல்லால் இரண்டு மீன்கள் செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கீழக்கரையில் என் தங்கை வீடு. அவள் மகனுக்குக் கடல்மீன் தொட்டி வைக்க ஆசை, கையில் காசு குறைவு. செலவைக் குறைத்து எப்படி அமைக்கலாம் என்று நான்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 127 லிட்டர். கடல் தண்ணீர் மட்டுமே 130 கிலோ வரும், ஆகவே மர மேசை வேண்டாம், இரும்பு ஸ்டாண்டு செய் என்றேன். தாளின் கடைசியில் 'சுழற்சி முடிந்த பிறகே மீன் விடவும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாள் போன் வந்தது. "மாமா, சுழற்சி முடிஞ்சிருச்சு. மோட்டார் போட்டு ரெண்டு நாளாச்சு, தண்ணி நல்லா சுத்துது. மீன் விட்டுட்டேன்."

மறுநாள் காலை மண்டபம் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். இரண்டு கோமாளி மீன்களும் மோட்டார் தண்ணீர் தள்ளும் இடத்தில், மேல்மட்டத்தில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. செவுள் அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றினோம். சாயங்காலம் ஒன்று போயிற்று, விடிவதற்குள் இன்னொன்றும் போயிற்று. பையன் மேல் தப்பே இல்லை. தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறான். வீட்டில் சுழல்வது எது? மின்விசிறி சுழலும், மோட்டார் சுழலும், மோட்டார் போட்டால் தண்ணீரும் சுழலும். அவன் வேறு எப்படிப் படிப்பான்?

புதுத் தொட்டியில் நடப்பது வேறு. மீனின் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். கடல் தண்ணீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் கடுமை இன்னும் கூடுதல். இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிப் படர்கின்றன. அப்படிப் படர்ந்து போதுமான அளவுக்குப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நாம் பெயர் தேடுவது இந்தக் காத்திருப்புக்குத்தான்.

அன்று இதை என் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே மறித்தாள். "அப்ப சட்டி பழக்குற மாதிரின்னு சொல்லுண்ணே. புதுச் சட்டியில மொத நாளே மீன் கொழம்பு வைக்க முடியுமா?"

எனக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. புது மண்சட்டியில் அரிசி கழுவிய தண்ணீரோ கஞ்சியோ ஊற்றி நாள் கணக்கில் வைத்துப் பழக்கிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறோம். இரும்புத் தோசைக்கல்லையும் அப்படித்தான் பழக்குகிறோம். பார்வைக்குப் புதுச் சட்டியும் பழகிய சட்டியும் ஒன்றுதான். மாற்றம் நடப்பது மேற்பரப்பில், அதற்கு நாள் பிடிக்கும், அவசரப்பட்டால் வைத்த பண்டம் கெடும். தொட்டியில் நடப்பதும் இவ்வளவுதான். பட்டியலில் யோசனை தந்தவர் பெயர் போடும் வழக்கம் இருந்தால் அது என் பெயராக இருக்கக் கூடாது, 'கீழக்கரை இல்லத்தரசி' என்று போடுங்கள்.

இனி எதிர்க்கருத்துகளுக்கு வருகிறேன்.

> நைட்ரஜன் சுழற்சி பாடநூலிலேயே இருக்கிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

கலைக்க வேண்டாம். மண்ணிலும் கடலிலும் காற்றிலும் நைட்ரஜன் சுற்றி வருவதற்கு அது சரியான பெயர், அப்படியே இருக்கட்டும். ஆனால் புதுத் தொட்டியில் எதுவும் சுற்றித் திரும்பி வருவதில்லை. அம்மோனியா நைட்ரேட்டாகி அங்கேயே சேர்ந்து நிற்கிறது, பெரும்பகுதியை நாம்தான் வாளியில் அள்ளி வெளியே ஊற்றுகிறோம். ஆக இந்த இடத்தில் 'சுழற்சி' பொருளாலும் முழுதாகப் பொருந்தவில்லை.

'சுழற்சி'க்குப் பதிலாகக் குழுவில் கோவை அம்மா சொன்ன 'பதப்படுத்துதல்' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் தோலைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். அங்கெல்லாம் கிருமி வளராமல் தடுப்பதுதான் வேலை. இங்கே கிருமியை வளர்க்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் நாம் குற்றம் சொல்ல முடியாது. இன்னொரு யோசனையான 'முதிர்வித்தல்' பிழையில்லாத சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் கடையில் நின்று யாரும் "தொட்டி முதிர்ந்துவிட்டதா" என்று கேட்கமாட்டார்கள். "தொட்டி பழகிருச்சா?" என்று கேட்பார்கள்.

இலக்கணத்திலும் 'பழகு' நன்றாக வளைந்து கொடுக்கிறது. தொட்டி பழகுகிறது, நான் தொட்டியைப் பழக்குகிறேன். தன்வினை, பிறவினை இரண்டும் கையில் இருக்கின்றன. பழகாத தொட்டி, பழகிய தொட்டி, பழகுகாலம். வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் நிற்கிறது. 'சுழற்சி செய்யப்பட்ட தொட்டி' என்று எழுதிப் பாருங்கள், நாக்கு எங்கே இடறுகிறது என்று தெரியும்.

ஒரே ஒரு இடைஞ்சலை ஒப்புக்கொள்கிறேன். வாங்கி வந்த மீனைப் பையோடு மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலந்து மெதுவாக விடுகிறோமே, அதற்கும் 'மீனைப் பழக்குதல்' என்ற புழக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வினை இருந்தால் மறுபடி குழப்பம். வெளியூர் போய் வந்தவர்கள் 'அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல' என்பதுதான் மீனின் நிலைமையும். பேச்சில் 'தண்ணி ஒத்துக்க வைப்பது', பட்டியலில் 'நீரிணக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கல். இதில் எனக்குக் கவலை அதிகம். பாக்டீரியா குடியேற்றித் தொட்டிக்குள் வைக்கும் கல்லை ஆங்கிலத்தில் 'லைவ் ராக்' என்கிறார்கள், பட்டியலில் அதை 'உயிர்ப்பாறை' என்று ஏற்றியிருக்கிறீர்கள். வேறு ஊர்க்காரருக்கு அது வெறும் சொல். எங்கள் கரையில் அந்தச் சொல்லைப் படிக்கிற பையன் நேரே கடலுக்குப் போய்ப் பவளக்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். இங்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பவளப்பாறையைக் கட்டும் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் கரை ஒதுங்கிய கல்லாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் இதே கல்லை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த கரை இது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்துப் போனதையும் பார்த்த பவளம். ஒரு தொட்டிக்கு ஒரு கல்தானே என்று சொல்ல எனக்கு மனம் வராது.

'பழகிய கல்' என்று வைத்தால் அந்த ஆபத்து இல்லை. பாக்டீரியா படர்ந்த கல் என்பது மட்டுமே பொருள். சுட்ட மண்ணாகவும் இருக்கலாம், நாமே வார்த்ததாகவும் இருக்கலாம். நாங்கள் வார்த்துத்தான் வைத்தோம். ஒரு பங்கு சிமெண்டு, நாலு பங்கு கிளிஞ்சல் நொறுக்கலும் கல்லுப்பும். ஈர மணலில் கையால் குழி பறித்து, கலவையைக் கொட்டி, நடுவில் விரலை விட்டுத் துளை போட்டோம். இறுகியதும் வாளித் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, கல் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை விழுகிறது. உடைத்துப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி இருக்கும். அந்த ஓட்டைகள்தான் பாக்டீரியாவுக்குக் குடியிருப்பு. சிமெண்டின் காரம் இறங்கும் வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க இரண்டு மாதம் ஆயிற்று. கொத்தனார் இதைக் 'கியூரிங்' என்பார், அதையே எழுதிவிடலாம். கியூரிங் முடிந்த கல்லும் பழகாத கல்தான் என்பதைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறது.

பழகிய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் வாங்கிப் போட்டால் வேலை விரைவாகும். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. மணலுக்கு 'உறைமணல்' என்ற பெயர் அழகாக உட்காருகிறது. கல்லுக்கு மட்டும் 'உறைக்கல்' வேண்டாம், தங்கம் உரசும் உரைகல் குறுக்கே வந்துவிடும்.

பவளமே வைக்காத தொட்டியைப் 'பவளத் தொட்டி' என்பதும் பொருந்தாது. மீன் கூடும் பாறைத்தரையை இங்கே கடலுக்குப் போகிறவர்கள் 'பார்' என்பார்கள், முத்துப்பார் என்ற சொல்லிலும் அதுதான் இருக்கிறது. 'பார்த்தொட்டி' எனக்குப் போதும். பவளம் இல்லாததால் செலவும் பாதியாகக் குறைந்தது. விலை உயர்ந்த விளக்கு வேண்டாம், சாதாரண எல்.இ.டி. போதும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பதில் தண்ணீரின் மேல் காற்றடிக்க ஒரு சின்ன விசிறி. மீனும் கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேட்டு வாங்கலாம். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலேயே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். மிச்சமான காசில் முதலில் வாங்க வேண்டியது அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டி. முதல் தாளில் அதை 'முடிந்தால் வாங்கவும்' என்று எழுதியிருந்தேன், அந்த வரியை அடித்துவிட்டேன்.

'புரத வடிகட்டி'யையும் மாற்றச் சொல்கிறேன். அந்தக் கருவி எதையும் வடிகட்டுவதில்லை. பொடிக் காற்றுக்குமிழிகளை உப்புத் தண்ணீரில் விடுகிறது, கரைந்திருக்கும் அழுக்கு குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி மேல்கிண்ணத்தில் வழிகிறது. சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுகிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பொங்கிவரும் நுரையில்தான் கசடு இருக்கும். மண்வாரி என்பதைப் போல 'நுரைவாரி' என்று சொல்லலாம். 'வாரி' என்றால் கடல் என்றும் ஒரு பொருள் உண்டே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், கடல் தொட்டியில் வைக்கிற கருவிதானே. இரண்டு சின்ன மீன்கள் உள்ள எங்கள் தொட்டிக்கு இதை வாங்கவில்லை. கடல் பக்கத்திலேயே இருப்பதால் வாரம் 10 லிட்டர் மாற்றிவிடுகிறோம்.

தண்ணீரைத் தள்ளும் மோட்டாருக்கு 'அலையாக்கி' என்றார் ஒருவர். அது அலை எழுப்புவதில்லை, ஓட்டம்தான் கொடுக்கிறது. கடலோட்டத்துக்கு மீனவர் சொல் 'நீவாடு'. 'நீவாட்டு மோட்டார்' என்றால் தண்ணீர் சுற்றுவது வேறு, தொட்டி பழகுவது வேறு என்று முதல் நாளே பிரிந்துவிடும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஊற்றுவது 'ஈடுநீர்'. உப்பு ஆவியாகாது, ஆகவே ஈடுநீர் நல்ல தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதை ஊற்றவே கூடாது.

இரண்டாம் முறை தை மாதம் தொடங்கினோம். காற்று அடங்கி, தென்கடல் தெளிந்திருந்தது. தண்ணீர் எடுத்துவந்து, துணியில் வடித்து, இரண்டு வாரம் இருட்டில் மூடி வைத்து நிரப்பினோம். மீன் இல்லாமல் அம்மோனியா வர வேண்டுமே, அதற்கு ஒரே ஒரு பச்சை இறாலைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டோம். ஒரு வாரம் முன்னறையில் நாற்றம் தாங்கவில்லை, தங்கை பொறுத்துக்கொண்டாள். 9ஆம் நாள் அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளிலிருந்து கரும்பச்சை ஆனது. அப்புறம் பச்சை வெளிற, நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறிப் பத்து நாளுக்கு மேல் அப்படியே நின்றது. கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் படர்ந்தது. துடைக்கப் போனவனை "பழகுது, விடு" என்று அவன் அம்மாவே தடுத்தாள். 36ஆம் நாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை அட்டைக்கு முன்னால் இரண்டு குழாய்களையும் பிடித்துப் பார்த்தோம். ஒன்று வெளிர்மஞ்சள், ஒன்று வான்நீலம். அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, கோமாளிக் குஞ்சுகள் இரண்டை நீரிணக்கம் செய்து விட்டோம். ஏழு மாதம் ஆகிறது, இரண்டும் இருக்கின்றன.

தாளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலைந்து பையன்கள் கேட்டிருக்கிறார்கள். 'பழகுகாலம் முடிந்த பிறகே மீன் விடவும்' என்பதுதான் இப்போதைய வரி. தூத்துக்குடி, குமரி, நாகைப் பக்கத்து நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீடுகளில் புதுச் சட்டியைப் 'பழக்குவது' என்றுதான் சொல்கிறார்களா, வேறு வினை இருக்கிறதா? வீட்டில் கேட்டு எழுதுங்கள். வருகிற ஞாயிறுக்குப் பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.