துணியில் வந்த சிவப்பு: குளோ எரிபொருள் தின்ற பெயிண்ட் அனுபவங்கள்

பால்சாத்தூள்:
40 சைஸ் (0.40 கன அங்குல எஞ்சின்) ட்ரெயினர், அதாவது பறக்கப் பழகற விமான மாடல். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த குளோ எரிபொருள்ல ஓடறது. சாண்டிங் சீலர், மேல ஸ்ப்ரே கேன் அக்ரிலிக் சிவப்பு மூணு கோட், அதே கம்பெனி கிளியர் ரெண்டு கோட். மூணு வாரம் காய்ஞ்சாச்சு. முதல் டேங்க் முடிஞ்சு இறங்கினதும் சைலன்சர் பக்கம் துடைச்சா துணி பூரா சிவப்பு. வலது இறக்கை அடியில, தூக்கிப் பிடிச்ச இடத்துல கட்டைவிரல் ரேகை அச்சு எடுத்த மாதிரி பதிஞ்சிருந்தது. இடது இறக்கை பளபளன்னு அப்படியே இருந்தது. கேன்ல "பெட்ரோல் தாங்கும்"னு போட்டிருக்கு. பொய் இல்ல, பெட்ரோல் ஊத்தினா ஒண்ணும் ஆகல. 10% நைட்ரோமீத்தேன் உள்ள குளோ எரிபொருள் ஒரு சொட்டு வெச்சா அஞ்சு நிமிஷத்துல பிசுபிசுங்குது.

யு_கண்ட்ரோல்:
மூணு வாரம் இல்ல, மூணு வருஷம் காய வெச்சாலும் இதேதான் சார். அது கரைப்பான் ஆவியாகி மட்டும் காயற பெயிண்ட். உள்ள எதுவும் குறுக்கே பிணையாது, அதனால சரியான கரைப்பான் பட்டா திரும்பக் கரையும். அக்ரிலிக்குக்கு நைட்ரோமீத்தேன் அப்படி ஒரு கரைப்பான், மெத்தனால் அதுக்குத் துணை.

"டோப் (மாடல் மேல அடிக்கற செல்லுலோஸ் வார்னிஷ்) அடிச்சா தாங்கும்"னு யாராவது இங்க வந்து எழுதறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்: எந்த டோப்? நைட்ரேட் டோப் மெத்தனால்லயே கரையும். பர்னிச்சர் பாலிஷ் கடையில வாங்கற என்.சி. கிளியரும் அதே நைட்ரோசெல்லுலோஸ் ஜாதிதான். கண்ட்ரோல் லைன் (கம்பி பிடிச்சு சுத்தி பறக்க விடற) மாடல் ஒண்ணுல அதை அடிச்சிருந்தாங்க. டேங்க் நிரப்பும்போது வழிஞ்ச எரிபொருள் பட்டு, மூக்குல ஒட்டியிருந்த டிஷ்யூ பேப்பர் நனைஞ்ச அப்பளம் மாதிரி சுருண்டு வந்துடுச்சு. பியூட்டிரேட் டோப்தான் எரிபொருள் தாங்கறது. பிடிப்புக்கு அடியில நைட்ரேட் ரெண்டு கோட், மேல பியூட்டிரேட் மூணு நாலு கோட். தலைகீழா அடிச்சா மேல்தோல் உரியும். 10% நைட்ரோ வரைக்கும் பியூட்டிரேட் சமாளிக்கும், 15க்கு மேல போனா மெதுவா மெத்துனு ஆகிடும்.

புதுப்பேட்டை_பியூ:
ரெண்டு பேரும் சுத்தி வளைக்கறீங்க. கார் பெயிண்ட் கடையில 2கே பியூ கிளியர் (ஹார்டனர் கலந்து இறுகற பாலியூரித்தேன்), முடிஞ்சது விஷயம். ஆனா அதுலயும் ஒரு கூத்து. சின்தெடிக் எனாமல் மஞ்சள் அடிச்சு ரெண்டு நாள்ல மேல 2கே கிளியர் போட்ட ஒரு பைப்ளேன் (மேல கீழ ரெட்டை இறக்கை). முதல் கோட் நல்லா விழுந்தது. ரெண்டாவது ஈரக் கோட் விழுந்த பத்தாவது நிமிஷம், மேல் இறக்கை முழுக்க பால்ல ஆடை சுருங்கற மாதிரி சுருங்கிச்சு. யாரும் தொடக்கூட இல்ல, பார்த்துக்கிட்டு இருக்கும்போதே.

எனாமல் மேல தொட்டா காய்ஞ்சிருக்கும், அடியில பாதி வெந்த மாதிரிதான் இருக்கும். பியூ தின்னர் உள்ள இறங்கி அதை ஊத வைக்குது. எனாமல்தான் வேணும்னா குறைஞ்சது ரெண்டு வாரம் விடுங்க, 600 உப்புத்தாள்ல லேசா மங்கலாக்குங்க, முதல் ரெண்டு கோட் தூவல் மாதிரி மட்டும் போடுங்க. அதைவிட நிறத்தையும் பியூலயே அடிச்சுட்டா தலைவலி இல்ல.

கலவை, டப்பால போட்டிருக்கிறதுதான் வேதம். பெரும்பாலும் கிளியர் ரெண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு, தின்னர் 5லிருந்து 10%. கண் அளவு வேண்டாம், மருந்து ஊத்தற சிரிஞ்சுல அளங்க. ஹார்டனர் குறைஞ்சா வருஷம் ஆனாலும் எரிபொருள் பட்ட இடம் மெத்துனே இருக்கும். கோட்டுக்கு கோட் 10-15 நிமிஷ இடைவெளி. மறுநாள் கையாளலாம், எரிபொருள் படறது ஏழு நாள் கழிச்சு. மிச்ச ஹார்டனர் மூடியை இறுக்கி வைங்க. சென்னைக் காத்து ஈரத்தைக் குடிச்சா அது கட்டியாகிடும். கட்டி ஆரம்பிச்சதை வடிகட்டி அடிச்சா பரப்பு முழுக்க ஊசிமுனைக் குமிழ்.

எடை பயம் உள்ளவங்களுக்கு: ஒரு சதுர மீட்டர்ல 25 மைக்ரான் காய்ஞ்ச படலம் கிட்டத்தட்ட 28 கிராம். 40 சைஸ் முழு விமானமும் ஒண்ணரை சதுர மீட்டர்னு வெச்சா 42 கிராம். ஓடிப் பளபளக்கற மூணு ஈரக் கோட் அடிச்சா இது மூணு மடங்கு ஆகும், அதுலயும் வால்ல எடை ஏறினா சமநிலைக்கு மூக்குல ஈயம் சேர்க்கணும்.

தம்பி_ஏரோ:
அண்ணா, மாஸ்க் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதலையே! ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. துணி மாஸ்க், கோவிட் மாஸ்க் எதுவும் அதுக்கு உதவாது. வெளிக்காத்தை குழாய்ல இழுத்துத் தர்ற மாஸ்க்தான் சரியான பாதுகாப்பு. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அதுக்கு அடுத்தபடி, அதுவும் திறந்த வெளியில, கையுறை கண்ணாடியோட. ஒரு தடவை உடம்புக்கு அதோட அலர்ஜி வந்துட்டா, அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா மாதிரி மூச்சு இழுக்கும். வாடையை வெச்சு முடிவு பண்ணாதீங்க, மூக்குக்குத் தெரியற அளவு ஏற்கனவே அதிகம். ஸ்ப்ரே வசதி இல்லாதவங்க சைலன்சர் பக்கத்துக்கு மட்டும் பிரஷ்ல தடவுங்க, மூடுபனி கிளம்பாது. அதுக்கும் கையுறை வேணும்.

பால்சாத்தூள்:
நான் கேட்டது சிவப்பு ஏன் கரைஞ்சதுன்னு :) சரி, பயனுள்ள தகவல்தான்.

யு_கண்ட்ரோல்:
எலக்ட்ரிக்குக்கு மாறுங்கன்னு இன்னும் யாரும் சொல்லல, அதிசயம்தான்.

பர்னிஷ்15:
மேட் (பளபளப்பில்லாத) பூச்சுல ஒண்ணு. பழைய போர் விமான மாடல், பச்சை-பழுப்பு, மேல மேட்டாக்கற பொடி கலந்த 2கே கிளியர். கிளியர் கரையவே இல்ல. ஆனா பத்து பறப்புல புகை பட்ட பக்கம் மட்டும் தேன் நிறத்துல பளபளன்னு ஒரு பட்டை விழுந்துடுச்சு. மேட் பூச்சோட மேல்பரப்பு நுண்ணிய அளவுல கரடுமுரடு, எரிபொருள்ல இருக்கற விளக்கெண்ணெய் அதுல உட்கார்ந்து சூட்டுல வார்னிஷ் மாதிரி ஆகிடுது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் செமி-மேட் போடுங்க, வித்தியாசம் மூணடி தள்ளி நின்னா தெரியாது.

2கே ஸ்ப்ரே கேன் வாங்கறவங்க: அடியில பட்டனை அழுத்தினதும் கேன் உள்ளயே ஹார்டனர் கலந்துடும், ஓரிரு நாள்ல மொத்தமும் இறுகிடும். அழுத்தறதுக்கு முன்னாடி எல்லா மாடலையும் வரிசையா தயாரா வெச்சுக்கோங்க.

புதுப்பேட்டை_பியூ:
வெளிப்பூச்சையே பேசிட்டு இருக்கோம். 46 சைஸ் ஒண்ணு, வெளியே ஒரு கீறல் கிடையாது. எஞ்சின் மவுண்ட் நாலு போல்ட்டும் ஆடிச்சு. கழட்டினா ஃபயர்வால் (எஞ்சின் மாட்டற முன் பலகை) பிளைவுட் கறுத்துப்போய், நகத்தால குத்தினா உள்ள போகுது. எரிபொருள் ட்யூப் போற ஓட்டையோட உள்விளிம்புல பூச்சே இல்ல, அங்கிருந்துதான் எண்ணெய் ஏறியிருக்கு. 30 நிமிஷ எபாக்சியை ஹேர் ட்ரையர்ல சூடாக்கி இளக்கி ஓட்டை விளிம்பு, டேங்க் அறை, போல்ட் துளை எல்லாத்துலயும் தடவுங்க. ஸ்பிரிட் ஊத்தி இளக்கறவங்க 10%க்கு மேல போகாதீங்க, எபாக்சி ரப்பர் மாதிரி நின்னுடும்.

பர்னிஷ்15:
ஏற்கனவே எண்ணெய் குடிச்ச மரத்துல எபாக்சி ஒட்டாதே? அதுக்கு என்ன வழி?

புதுப்பேட்டை_பியூ:
அசிட்டோன்ல சோள மாவைக் குழைச்சு எண்ணெய் ஊறின இடத்துல பற்றுப் போடுங்க. காய்ஞ்சதும் மாவு மஞ்சளா மாறி உதிரும். மாவு வெள்ளையாவே உதிர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடணும். அந்த 46க்கு ஆறு தடவை ஆச்சு.