சாயங்காலம் ஏழு மணி ஆனா வீட்டு சர்வர் காணாமப் போகுது: உங்களுக்கும் இப்படி நடந்துச்சா?

கரிசல்மண்

மூணு மாசம் என்னைத் தூங்க விடாத விஷயம், அதான் எழுதுறேன். அப்பா கேசட்டுல பதிஞ்சு வச்ச ஒப்பாரி, கும்மி, தாலாட்டு எல்லாத்தையும் வீட்டுல இருக்குற ராஸ்பெரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் மென்பொருள் வச்சு ஓட்டுறேன். வெளியூர் போன எங்க ஊர்க்காரங்க கேக்குறாங்க. பகல் பூரா ஒழுங்கா ஓடும். ஏழு மணிக்கு மேல விட்டு விட்டுப் போகும். "பாட்டு பாதியில நின்னுருச்சுப்பா"ன்னு துபாய்ல இருந்து சித்தப்பா போன் பண்ணுவார். எஸ்டி கார்டை மாத்தினேன், கேபிளை மாத்தினேன், ஓஎஸ்ஸையே திரும்பப் போட்டேன். ஒண்ணும் ஆகல.

எரர் லாக் (தப்பு நடந்தா சர்வர் எழுதுற குறிப்பு) சுத்தமா இருந்துச்சு. யார் வந்து கேட்டாங்கன்னு எழுதுற ஆக்சஸ் லாக்ல அந்த நிமிஷங்களுக்கு ஒரு வரிகூட இல்ல. அப்படின்னா யாரோட கோரிக்கையும் சர்வர் வாசலுக்கே வரல. இது உறைக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்ல ஆர்ப் பட்டியலை (எந்த ஐபி எண் எந்தக் கருவிகிட்ட இருக்குன்னு காட்டுறது) ரெண்டு வினாடிக்கு ஒரு தரம் ஓட விட்டு உக்காந்திருந்தேன். சர்வரோட ஐபி எண் 192.168.1.23. அதுக்கு நேரா இருக்குற மேக் முகவரி, அதாவது கருவியோட சொந்த அடையாள எண், 41-ல முடியும். அம்மா சீரியலுக்கு டிவியைப் போட்டாங்க. கண்ணு முன்னாலயே அந்த 41 மாறி 08 ஆச்சு. "அம்மா, டிவியை அணைங்க!"ன்னு கத்திட்டேன். அம்மா பயந்துபோய் அணைச்சாங்க. கொஞ்ச நேரத்துல 41 திரும்பி வந்துருச்சு.

சர்வருக்கு நான் கையால போட்ட அதே எண்ணை ரவுட்டர் டிவிக்கும் கொடுத்திருக்கு. இன்னமும் அந்த 08 கண்ணுல நிக்குது. உங்களுக்கு எதுல மாட்டுச்சு?

நீலகிரிப்பனி

எனக்குக் கதவு.

ஃபைபர் மோடத்துக்குப் போற மஞ்சள் ஒயர் அறைக் கதவு இடுக்கு வழியா வருது. காத்து அடிச்சா கதவு தானா சாத்தும், சர்வர் போயிடும். யாராவது கதவைத் திறந்துட்டு வந்து பாத்தா எல்லாம் நல்லா இருக்கும். லைன் பாக்க வந்தவர் மூணு தடவையும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டேதான் சோதிச்சார். "இங்க ஒண்ணும் இல்லைங்க"ன்னுட்டுப் போயிட்டார்.

மோடத்தோட செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசர்ல திறந்தா ஆப்டிகல் பவர்னு, வர்ற வெளிச்சத்தோட அளவைக் காட்டுற ஒரு எண் இருக்கும், அதைத் திறந்து வச்சுப் பாத்துட்டு இருந்தேன். மைனஸ் 20 டிபிஎம். மக உள்ள வந்து கதவைச் சாத்தினா. மைனஸ் 29, அதாவது வெளிச்சம் இன்னும் குறைஞ்சு போச்சு. சிவப்பு விளக்கு. ஜிபான்ங்கிற வகை ஃபைபர் மோடம் பொதுவா மைனஸ் 27 வரைக்கும்தான் தாங்கும். ஒயர் அறுந்துபோகல, மடங்குன இடத்துல வெளிச்சம் கசிஞ்சு போயிருக்கு. அவ்வளவுதான். ஒயரை ஜன்னல் பக்கமா திருப்பி விட்டேன்.

வைகைக்கரை

கரிசல்மண் அண்ணா, ரவுட்டர் மேல மட்டும் பழி போடாதீங்க. 1997-ல வந்த ஆர்எஃப்சி 2131-ங்கிற இணைய விதிமுறை ஆவணத்துலயே இருக்கு: ஒரு எண்ணைக் கொடுக்குறதுக்கு முன்னாடி, அது வேற யார்கிட்டயாவது இருக்கான்னு டிஎச்சிபி சர்வர் (எண்ணைப் பங்கு போட்டுக் கொடுக்குறது, வீட்டுல அது ரவுட்டர்தான்) பிங் பண்ணி, அதாவது "இருக்கியா"ன்னு தட்டிப் பாக்கணும்னு. உங்க ரவுட்டர் பாத்திருக்கும். சர்வர் ஏன் பதில் சொல்லலன்னு தேடுங்க.

என் கதை சின்னது. ராஸ்பெரி பை 4-க்குப் போன் சார்ஜரைப் போட்டிருந்தேன். ராத்திரி பேக்கப்புக்கு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் சுத்த ஆரம்பிச்சதும் போர்டுல இருக்குற சிவப்பு விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா அப்படித்தான் ஆகும். கர்னல் லாக்லயும் எச்சரிக்கை இருந்துச்சு. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன், சரியாச்சு.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டு "சைட் வருதே"ன்னு சொல்லாதீங்க. போன்ல வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க. அதைவிட, வெளிய இருக்குற ஒரு மெஷின்ல இருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டிப் பாத்து நேரத்தோட எழுதி வைக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடுங்க. வீட்டுக்குள்ள இன்னொண்ணு, ரவுட்டரைத் தட்டுறதுக்கு. ரெண்டு லாக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, உடைஞ்சது வீட்டுக்குள்ளயா வெளியவான்னு தெரிஞ்சிரும். அந்த நேரங்களை வீட்டுல நடக்குற காரியங்களோட ஒப்பிடுங்க: மோட்டார் போட்ட நேரம், இன்வெர்ட்டர் மாறுன நேரம், டிவி போட்ட நேரம். காரணம் தெரியாம பொருளை மாத்திக்கிட்டே இருந்தா காசுதான் போகும். ஐபியைச் சர்வர்ல கையால போடாதீங்க, ரவுட்டர்லயே மேக் முகவரிக்கு எண்ணை ஒதுக்கி வைங்க. கையாலதான் போடுவேன்னா ரவுட்டர் பங்கு போட்டுக் கொடுக்குற வரிசைக்கு வெளிய ஒரு எண்ணை எடுங்க.

கரிசல்மண்

தம்பி, நான் பொருள் மாத்தினதைச் சொல்லிக் காட்டணும்னு இல்ல. ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பா குரல் கம்மி "கேக்க முடியலப்பா"ன்னு சொல்லும்போது கையில கிடைச்சதை மாத்தத்தான் தோணும்.

ஆனா பிங் விஷயத்துல நீங்க சொன்னது சரி. இப்பத்தான் பாத்தேன். பாதுகாப்புக்குன்னு போன வருஷம் ஃபயர்வால்ல பிங்கை அடைச்சு வச்சிருக்கேன். ரவுட்டர் கதவைத் தட்டியிருக்கு, என் சர்வர் வாயைத் திறக்கல, வீடு காலின்னு நெனச்சு எண்ணை டிவிக்குக் கொடுத்துருச்சு. நன்றி தம்பி.

யாழ்நிலா

எங்கட வாசிகசாலையின்ர பழைய ஆண்டு மலர்களை ஸ்கான் பண்ணி வீட்டு சர்வரில போட்டிருந்தனான். 2022-ல இலங்கையில கரண்ட் மணிக்கணக்கா இல்லாம இருந்த காலம். கரண்ட் வந்தாப் பிறகு சர்வர் எழும்பும், என்ர லேப்டாப்பில பக்கம் வரும். வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு வராது. சில நாளில அடுத்த நாள்தான் வரும்.

ஒரு நாள் டொரன்டோவில இருந்து அத்தான் ஒரு படம் அனுப்பினார். "பிள்ளை, இது என்ன?" எண்டு கேட்டார். எங்கட முகவரியைத் தட்டினா ஆரோ ஒருத்தற்ற வீட்டுக் கமராவின்ர லாகின் பக்கம் வருது! கரண்ட் போய் வரேக்க எங்களுக்குப் புது ஐபி. பழைய ஐபி வேற வீட்டுக்குப் போட்டுது. டிஎன்எஸ் எண்டது பேருக்கு ஐபி சொல்லுற சேவை. அதில டிடிஎல் 86400 வினாடி, அதாவது பழைய பதிலை ஒரு முழு நாள் நினைவில வைச்சிருக்கலாம். எனக்கு மட்டும் வந்ததுக்குக் காரணம், டிஎன்எஸ்ஸுக்கு முன்னம் லேப்டாப் பாக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலில உள்வீட்டு எண்ணை எழுதி வைச்சிருந்தனான்.

டிடிஎல்லை 300 ஆக்கி, ரவுட்டர் எழும்பின உடனே டிஎன்எஸ்ஸில ஐபி புதுப்பிக்கிற மாதிரி செய்தன். அந்தக் கமரா வீட்டுக்காரர் ஆரெண்டு தெரியேல்லை. அவையின்ர வாசலை எங்கட ஊர்ச்சனம் எத்தினை பேர் தட்டியிருப்பினமோ எண்டு இண்டைக்கும் யோசிப்பன்.

கரிசல்மண்

ரவுட்டர்ல எண்ணை ஒதுக்கியாச்சு, பிங்கையும் திறந்துட்டேன். மணி ஏழே முக்கால். அம்மா ஹால்ல சீரியல் பாக்குறாங்க. சித்தப்பா தாலாட்டு கேட்டுட்டு இருக்கார், ஆக்சஸ் லாக்ல வரி வரியா ஓடுது.